தகுதி தயாராகும் இடங்கள்: ஐ.சி.எஸ். முதல் 'கேட்' வரை

நீட் தேர்வை எதிர்த்துக் கொடி பிடிக்கும் நாமே, ஐ.ஐ.எம். நுழைவுத்தேர்வில் மதிப்பெண்ணை உயர்த்த மாணவர்களுக்குத் திட்டம் போட்டுக் கொடுக்கலாமா? மாணவர் சந்திப்புகளில் எங்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி இது. நியாயமான கேள்விதான். பட்டினி கிடந்தவரையும் பாதாம் தின்றவரையும் ஒரே கோட்டில் நிறுத்தி ஓடவிடுவதுதான் நுழைவுத்தேர்வு என்று மேடையில் பேசுகிறோம். பேசிவிட்டு இறங்கி வந்து, அதே ஓட்டத்தில் எப்படி ஓடுவது என்று சொல்லிக்கொடுத்தால் இளைஞர்களுக்குக் குழப்பம் வரத்தான் செய்யும்.

எங்கள் பதில்: போட்டுக் கொடுக்கலாம், கட்டாயம் கொடுக்க வேண்டும். அதற்கான காரணம் வரலாற்றில் இருக்கிறது. தேர்வு மதிப்பெண்ணைத் திட்டமிட்டு உயர்த்துவது நேற்று முளைத்த கோச்சிங் சென்டர்கள் கண்டுபிடித்த வித்தை என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மையில் போட்டித் தேர்வு பிறந்த சில ஆண்டுகளிலேயே அந்தத் தொழிலும் பிறந்துவிட்டது. வசதி படைத்தவர்கள் அதைச் செய்துகொண்டே இருந்தார்கள். செய்து முடித்த பிறகு, கிடைத்த மதிப்பெண்ணுக்குத் 'தகுதி, திறமை' என்று பெயர் வைத்தார்கள். இந்தக் கதையைத் தெரிந்துகொண்டால், நம் பிள்ளைகள் கூச்சமில்லாமல் திட்டமிட்டுப் படிப்பார்கள்.

லண்டனில் தொடங்கிய கதை

கிழக்கிந்தியக் கம்பெனியின் உயர் பதவிகள் முதலில் இயக்குநர்களின் சிபாரிசில்தான் நிரம்பின. 1853ஆம் ஆண்டுச் சாசனச் சட்டம் அந்த வழக்கத்துக்கு முடிவு கட்டியது. 1854இல் மெக்காலே தலைமையிலான குழு பாடத்திட்டத்தை வகுத்தது. 1855இல் லண்டனில் முதல் திறந்த போட்டித் தேர்வு நடந்தது. 'யார் வேண்டுமானாலும் எழுதலாம், திறமை இருந்தால் வெல்லலாம்' என்ற வாக்கியம் அங்கேதான் அரசாங்கக் கொள்கையாகிறது.

குழு பரிந்துரைத்த மதிப்பெண் பட்டியலைப் பாருங்கள். கிரேக்கத்துக்கு 750, லத்தீனுக்கு 750. சமஸ்கிருதத்துக்கு 375, அரபுக்கு 375. ஆளப்போவது இந்தியாவை. அதிக மதிப்பெண்ணோ, ஆங்கிலேயக் கனவான்களின் பள்ளியில் சொல்லிக்கொடுக்கும் மொழிகளுக்கு. தமிழுக்கும் தெலுங்குக்கும் பட்டியலில் இடமே இல்லை. திறமையை அளக்கும் கோலை யார் செய்கிறார்களோ, அவர்கள் வீட்டுப் பிள்ளையின் உயரத்துக்கு ஏற்றபடியே அந்தக் கோல் அமைகிறது. முதல் தேர்விலிருந்தே இதுதான் நிலை.

அப்படி அமைந்த கோலிலும் ஆங்கிலேய இளைஞர்கள் சொந்தமாக ஏறிவிடவில்லை. தேர்வுக்கென்றே பயிற்சி தரும் தனியார் ஆசிரியர்கள் லண்டனில் பெருகினார்கள். அவர்களைக் 'கிராமர்கள்' என்று அழைத்தார்கள். 'மூளைக்குள் திணிப்பவர்கள்' என்று பொருள். அவர்களில் வால்டர் ரென் என்பவரின் நிறுவனம் மிகவும் புகழ்பெற்றது. 1870களில் இந்தப் பயிற்சிக்கூடங்களின் செல்வாக்கைப் பற்றி அரசே விசாரிக்க வேண்டிய நிலை வந்தது. அதையொட்டி வயது உச்சவரம்பை 19 ஆகக் குறைத்தார்கள். 1878 முதல் அது நடைமுறைக்கு வந்தது. லண்டன் பயிற்சிக்கூடங்கள் அதனால் மூடப்படவில்லை. கடல் தாண்டிப் போய்த் தேர்வெழுத வேண்டிய இந்தியர்களுக்குத்தான் கதவு இன்னும் இறுகியது.

இந்தியர்களுக்கு என்று சொன்னோமே, எந்த இந்தியர்களுக்கு? 1863இல் தேர்ச்சி பெற்ற முதல் இந்தியர் சத்யேந்திரநாத் தாகூர், வங்காளத்தின் பெரும் செல்வக் குடும்பத்துப் பிள்ளை. தேர்வை இந்தியாவிலும் ஒரே நேரத்தில் நடத்த வேண்டும் என்று காங்கிரஸ் கேட்டது. 1893இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் மக்கள் அவையும் அதற்கு ஆதரவாகத் தீர்மானம் போட்டது. நாடே கொண்டாடியிருக்க வேண்டிய செய்தி. சென்னையிலிருந்து ஓர் எதிர்ப்பு மனு போனது. இரட்டைமலை சீனிவாசன் தலைமையில் பறையர் மகாஜன சபை 3,412 கையெழுத்துகளுடன் அனுப்பிய மனு அது. தேர்வு இங்கே நடந்தால், ஏற்கெனவே படிப்பைக் கையில் வைத்திருக்கும் சாதி இந்துக்களே பதவிகளைப் பிடிப்பார்கள். ஏற்கெனவே நம்மை மிதிப்பவர்கள் இனி அதிகாரியாகவும் உட்கார்ந்து மிதிப்பார்கள் என்பதுதான் அதன் சாரம்.

இந்த மனுவை நாம் இரண்டு வகையில் வாசிக்க வேண்டும். பள்ளியில் நுழையவே விடாத சமூகத்தில் 'பொதுத் தேர்வு' என்பது பொதுவானதாக இருக்க முடியாது என்பதை 130 ஆண்டுகளுக்கு முன்பே நம் முன்னோர் எழுத்தில் வைத்துவிட்டார்கள். இது ஒன்று. தேர்வை எதிர்த்த அதே சீனிவாசன், தன் 'பறையன்' இதழில் தாழ்த்தப்பட்டோர் கல்விக்காக விடாமல் எழுதினார். இது இன்னொன்று. வாசலின் அளவைக் கேள்வி கேட்பதும் வாசலைத் தாண்ட ஆள் தயார் செய்வதும் அவருக்கு ஒரே அரசியலாக இருந்தது. மேலே கேட்ட கேள்விக்குப் பாதிப் பதில் இங்கேயே கிடைத்துவிடுகிறது.

'பயிற்சியால் கூடாது' என்று சொன்னவர்கள்

அடுத்த அத்தியாயம் அமெரிக்காவில் நடந்தது. இன்றைக்கு மேலாண்மைக் கல்வி நுழைவுத்தேர்வுகளில் நாம் பார்க்கும் சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் முறை அங்கிருந்து வந்ததுதான்.

1926இல் 'சாட்' என்ற கல்லூரி நுழைவுத்தேர்வு முதல்முறையாக நடந்தது. அதை வடிவமைத்தவர் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக உளவியலாளர் கார்ல் பிரிகம். 1923இல் அவர் எழுதிய நூல், ராணுவ வீரர்களுக்கு நடத்திய நுண்ணறிவுத் தேர்வின் எண்களை வைத்து, வட ஐரோப்பிய இனத்தவரே அறிவில் உயர்ந்தவர்கள் என்று வாதிட்டது. 1930இல் அவரே அந்த முடிவுகளுக்கு ஆதாரமில்லை என்று பின்வாங்கினார். ஆனால் தேர்வு நின்றுவிடவில்லை, வளர்ந்தது. 1947இல் அந்தத் தேர்வுகளை நடத்துவதற்கென்றே ஒரு நிறுவனம் உருவானது. 1953இல் சில வணிகப் பள்ளிகள் அந்த நிறுவனத்தோடு கூடிப் பேசின. 1954இல் மேலாண்மைப் படிப்புக்கான நுழைவுத்தேர்வு பிறந்தது. 1976இல் அதற்கு 'ஜிமேட்' என்று பெயர் மாறியது.

இந்தத் தேர்வுகளை நடத்தியவர்கள் ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள்: இது பிறவி ஆற்றலை, அல்லது நீண்ட காலத்தில் வளர்ந்த ஆற்றலை அளக்கிறது, குறுகிய காலப் பயிற்சியால் மதிப்பெண் பெரிதாக உயராது. கேட்பதற்கு ஏழைகளுக்கு ஆறுதலாக இருக்கும். பணம் கொடுத்துப் பயிற்சி பெற்றவனுக்கும் ஒன்றும் கிடைக்காது என்றுதானே பொருள்? உண்மை வேறாக இருந்தது.

நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில், யூதக் குடியேறிகளின் மகன் ஸ்டான்லி கப்லான். நன்றாகப் படித்தும் மருத்துவக் கல்லூரிகள் அவரைச் சேர்க்கவில்லை. யூதர் என்பதும் அரசுக் கல்லூரியில் படித்தவர் என்பதும்தான் காரணம் என்று அவர் நம்பினார். பெற்றோர் வீட்டு நிலவறையில் டியூஷன் நடத்தினார். 1940களில் 'சாட்' தேர்வுக்குப் பயிற்சி கொடுக்கத் தொடங்கினார். வந்தவர்களில் பெரும்பாலோர் அக்கம்பக்கத்துச் சாதாரணக் குடும்பத்துப் பிள்ளைகள். தேர்வு முடிந்ததும் மாணவர்களைக் கூப்பிட்டுத் தின்னக் கொடுத்து, எந்தெந்தக் கேள்வி நினைவிருக்கிறது என்று கேட்டு எழுதிக்கொள்வாராம். வினாத்தாள் ரகசியமாக இருந்த காலம் அது. அந்த ரகசியத்தை அவர் கூட்டு நினைவால் உடைத்தார்.

பிறகு அது பெருந்தொழிலாக வளர்ந்தது. 1979இல் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் பயிற்சி நிறுவனங்களை ஆராய்ந்தது. பயிற்சியால் சில மாணவர்களின் மதிப்பெண் கூடுகிறது என்றே முடிவு வந்தது. அதே ஆண்டு நியூயார்க் மாநிலம் ஒரு சட்டம் இயற்றியது. தேர்வு நடத்துபவர்கள் வினாக்களையும் விடைகளையும் வெளியிட வேண்டும் என்றது அந்தச் சட்டம். மாணவர் அமைப்புகளும் நுகர்வோர் இயக்கமும் போராடிப் பெற்ற வெற்றி அது. பழைய வினாத்தாள் என்பது ஏதோ சாதாரணக் காகிதம் என்று நாம் நினைக்கிறோம். அதைப் பொதுச் சொத்தாக்கவே ஓர் இயக்கம் தேவைப்பட்டிருக்கிறது.

'மெரிட்டோகிரசி', அதாவது தகுதியின் ஆட்சி என்ற சொல்லைப் பரவலாக்கியவர் மைக்கேல் யங் என்ற பிரிட்டிஷ் சமூகவியலாளர். 1958இல் அவர் எழுதிய நூல் ஓர் அங்கதம். தகுதியின் பெயரால் புதிய பரம்பரை ஆதிக்கம் உருவாகும் என்று எச்சரிக்கத்தான் அவர் அந்தச் சொல்லைக் கையாண்டார். கிண்டலாகச் சொன்னதை உலகம் பாராட்டாக எடுத்துக்கொண்டது.

'கேட்' என்னும் வாசல்

இந்தியாவில் 1961இல் கல்கத்தாவிலும் அகமதாபாத்திலும் முதல் இரண்டு ஐ.ஐ.எம்.கள் தொடங்கப்பட்டன. ஒன்றுக்கு எம்.ஐ.டி.யின் சுலோன் பள்ளியும் மற்றொன்றுக்கு ஹார்வர்டு வணிகப் பள்ளியும் துணை நின்றன. 1973இல் பெங்களூரு, 1984இல் லக்னோ, 1996இல் கோழிக்கோடு, இந்தூர், 2011இல் திருச்சி என்று வளர்ந்து இன்று 20க்கும் மேற்பட்டவை இருக்கின்றன. இவற்றின் முதுகலைப் படிப்புக்கான பொது நுழைவுத்தேர்வுதான் 'காமன் அட்மிஷன் டெஸ்ட்', சுருக்கமாகக் 'கேட்'. (பொறியியல் பட்டதாரிகள் எழுதும் 'கேட்' வேறு. தமிழில் எழுதும்போது இரண்டும் ஒன்றாகத் தெரியும்.)

இந்தத் தேர்வின் உடம்பு எத்தனை முறை மாறியிருக்கிறது என்று பாருங்கள். 1990களில் 2 மணி நேரத்தில் 185 கேள்விகள். 2006இல் இரண்டரை மணி நேரத்தில் 75 கேள்விகள். 2009இல் கணினிக்கு மாறியது, முதல் ஆண்டிலேயே தொழில்நுட்பக் கோளாறில் பலர் மறுபடி எழுத வேண்டியிருந்தது. 2015இல் 3 மணி நேரம், 100 கேள்விகள். கொரோனா வந்த 2020இல் 2 மணி நேரமானது, அப்படியே நின்றுவிட்டது. 2024இல் 68 கேள்விகள். நடுவில் 2003இல் வினாத்தாள் வெளியாகி, தேர்வே ரத்தாகி, 2004 பிப்ரவரியில் மறுதேர்வு நடந்தது.

185 கேள்விகளை இரண்டு மணி நேரத்தில் முடிப்பதற்கு வேண்டியது மின்னல் வேகம். 75 கேள்விகளை இரண்டரை மணி நேரத்தில் செய்வதற்கு வேண்டியது ஆழம். இரண்டும் வேறு வேறு திறன்கள். ஆனால் இரண்டு காலத்திலும் வென்றவருக்குக் கொடுத்த பட்டம் ஒன்றேதான்: 'நாட்டின் சிறந்த மூளை'. ஆண்டுக்கு ஆண்டு மாறும் கோலால் அளந்துவிட்டு, அளவு மட்டும் இயற்கையானது என்று சொல்வது எப்படிப் பொருந்தும்? அஜந்தா சுப்பிரமணியன் 2019இல் வெளியிட்ட ஆய்வு நூலில் சென்னை ஐ.ஐ.டி.யை வைத்து இதைத்தான் விளக்குகிறார். தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்த சாதி மூலதனம், தேர்வு என்ற சலவையில் வெளுத்து 'தகுதி'யாக வெளியே வருகிறது.

இந்த வாசலில் நமக்கு என்ன வேலை? 2012இல் எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி இதழில் வெளியான ஓர் ஆய்வு, இந்தியாவின் 1,000 முன்னணி நிறுவனங்களின் இயக்குநர் குழுக்களைச் சாதிவாரியாகப் பார்த்தது. ஏறத்தாழ 93 விழுக்காடு உறுப்பினர்கள் முன்னேறிய சாதியினர். பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் சேர்ந்து 3.5 விழுக்காடு. தனியார் துறையில் இடஒதுக்கீடு கிடையாது. அந்தத் துறையில் சம்பளம், நியமனம், கடன், ஒப்பந்தம் எல்லாவற்றையும் முடிவு செய்யும் நாற்காலிகளுக்குப் போகும் பாதைகளில் ஐ.ஐ.எம். முக்கியமானது. அந்தப் பாதையின் தொடக்கத்தில் மட்டும் 15 விழுக்காடு பட்டியல் சாதியினருக்கும் 7.5 விழுக்காடு பழங்குடியினருக்கும் உண்டு. பிற்படுத்தப்பட்டோருக்கான 27 விழுக்காடு 2006ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. அதை எதிர்த்துத் தெருவில் தகுதி முழக்கம் எழுந்தது. 2008 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், வளமான பிரிவினரை விலக்கி அந்த ஒதுக்கீட்டை உறுதி செய்தது. ஆசிரியர் நியமனத்தில் இடஒதுக்கீட்டிலிருந்து விலக்கு வேண்டும் என்று ஐ.ஐ.எம்.கள் 2020ஐ ஒட்டிக் கேட்டதையும் நாம் மறக்கக்கூடாது. உள்ளே போனால்தான் உள்ளே நடப்பது தெரியும்.

மதிப்பெண்ணின் கணக்கு

இனித் தேர்வுக்குள் போவோம். 2024ஆம் ஆண்டுத் தேர்வை எழுதியவர்கள் சுமார் 2.93 லட்சம் பேர். மூன்று பகுதிகள். ஆங்கில வாசிப்பும் மொழித்திறனும் 24 கேள்விகள், தரவு விளக்கமும் தர்க்கமும் 22, கணிதம் 22. ஒவ்வொரு பகுதிக்கும் 40 நிமிடம். ஒன்றை முடித்துவிட்டு இன்னொன்றுக்கு முன்கூட்டியே தாவ முடியாது. சரியான விடைக்கு 3 மதிப்பெண். தேர்ந்தெடுக்கும் கேள்வியில் தவறினால் 1 குறையும். விடையைத் தட்டச்சு செய்யும் கேள்விகளுக்கு நெகட்டிவ் மார்க் இல்லை. மொத்தம் 204.

நம் மாணவர்களைப் பயமுறுத்துவது 'பெர்சன்டைல்' என்ற சொல். 90 பெர்சன்டைல் என்றால் 90 மதிப்பெண் என்று பலர் நினைக்கிறார்கள். எழுதியவர்களில் 90 விழுக்காட்டினர் உங்களுக்குப் பின்னால் இருக்கிறார்கள் என்றுதான் அதற்குப் பொருள். அண்மை ஆண்டுகளில் 99 பெர்சன்டைல் வாங்கியவர்கள்கூட மொத்த மதிப்பெண்ணில் பாதியைத் தொட்டதில்லை. 80 பெர்சன்டைல் என்பது மொத்தத்தில் கால் பங்கு அளவிலேயே வந்திருக்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 68 கேள்விகளில் 20ஐ மட்டும் தொடுகிறீர்கள். 16 சரி, 4 தவறு. 48 கழித்தல் 4, ஆக 44 மதிப்பெண். 48 கேள்விகளைத் தொடவே இல்லை. பள்ளியில் 'எல்லாக் கேள்விக்கும் விடை எழுது, ஒன்றும் விடாதே' என்று பழகிய பிள்ளை இந்தத் தேர்வில் அந்தப் பழக்கத்தாலேயே தோற்கிறது. எதை விடுவது என்று தெரிந்தவர் வெல்கிறார். வசதியான வீட்டுப் பிள்ளைக்கு இதை முதல் நாளே யாரோ சொல்லிவிடுகிறார்கள். முதல் தலைமுறை மாணவருக்கு அது தேர்வு எழுதி முடித்த பிறகுதான் தெரியவருகிறது. 'திறமை இடைவெளி' என்று சொல்லப்படுவதில் கணிசமான பகுதி இந்தத் தகவல் இடைவெளிதான்.

திட்டம்

தேர்வு வழக்கமாக நவம்பர் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடக்கிறது. அறிவிப்பு ஜூலை இறுதியை ஒட்டி வரும். மார்ச் மாதம் தொடங்கினால் ஏறத்தாழ 39 வாரம் கையில் இருக்கும். காய்ச்சல், வீட்டு விசேஷம், செமஸ்டர், போராட்டம் என்று மூன்று வாரம் போனாலும் 36 மிஞ்சும். வேலை நாட்களில் தினம் ஒன்றரை மணி நேரம், சனி ஞாயிறு சேர்த்து நாலரை மணி நேரம் என்றால் வாரத்துக்கு 12. மொத்தம் 432 மணி நேரம். பகுதிநேர வேலை பார்க்கும் மாணவராலும் முடியக்கூடிய கணக்கு இது.

முதல் வாரத்திலேயே ஒரு பழைய வினாத்தாளைக் கடிகாரம் வைத்து முழுதாக எழுதுங்கள். ஒன்றும் படிக்காமல் எழுதுங்கள். 'கேட்' வினாத்தாளும் விடைகளும் இப்போது ஒவ்வோர் ஆண்டும் வெளியிடப்படுகின்றன, இலவசமாகக் கிடைக்கின்றன. வருகிற மதிப்பெண் சிறியதாகத்தான் இருக்கும். அது உங்கள் அறிவின் அளவு இல்லை, தொடங்கும் இடத்தின் அடையாளம். தேதி போட்டு எழுதி வையுங்கள்.

மார்ச் முதல் ஜூன் வரை அடிப்படை. கணிதப் பகுதியில் பெரும்பாலானவை பத்தாம் வகுப்புக் கணிதத்தை ஒட்டியவை: விழுக்காடு, விகிதம், வட்டி, நேரம்-வேகம்-தூரம், சமன்பாடு, வடிவியல். சமச்சீர்ப் புத்தகங்களையே எடுங்கள். தமிழ்வழியில் படித்தவர்கள் ஒரு நோட்டில் கலைச்சொற்களை இரண்டு மொழியிலும் எதிரெதிரே எழுதுங்கள். கணக்குத் தெரிந்தும் கேள்வியின் ஆங்கிலம் புரியாமல் விடுபவர்களைத் தொடர்ந்து பார்க்கிறோம். நூற்றைம்பது சொல்லுக்குள் அடங்கும் பிரச்சினை அது.

ஆங்கிலப் பகுதியின் 24 கேள்விகளில் 16, நான்கு பத்திகளை வாசித்துப் புரிந்துகொள்வதைச் சோதிப்பவை. இலக்கணச் சூத்திரமும் அகராதிச் சொல் மனப்பாடமும் பெரிதாக உதவாது. வரலாறு, தத்துவம், பொருளாதாரம், சமூகவியல், அறிவியல் என்று எதுவும் வரலாம். இதற்கு நம்மிடமே ஒரு பொக்கிஷம் இருக்கிறது. அண்ணல் அம்பேத்கரின் 'சாதி ஒழிப்பு' ஆங்கிலத்தில் எழுதப்பட்ட நூல். தினம் இரண்டு பக்கம் ஆங்கிலத்தில் வாசியுங்கள். சந்தேகம் வந்தால் தமிழ் மொழிபெயர்ப்பைப் பக்கத்தில் வையுங்கள். ஒவ்வொரு பத்திக்கும் மூன்று கேள்வி: அவர் என்ன சொல்கிறார்? யாருக்குப் பதில் சொல்கிறார்? எந்த ஆதாரத்தை வைக்கிறார்? 'கேட்' தேர்வின் வாசிப்புப் பகுதி கேட்பதும் ஏறத்தாழ இவற்றைத்தான். பிறகு ஒரு நல்ல ஆங்கில நாளிதழின் நடுப்பக்கக் கட்டுரைக்குப் போங்கள்.

தரவும் தர்க்கமும் பகுதியில் 22 கேள்விகள் ஐந்து தொகுப்புகளாக வருகின்றன. ஐந்தையும் செய்ய நினைப்பவர் ஒன்றையும் முடிப்பதில்லை. முதல் ஐந்து நிமிடம் ஐந்தையும் பார்த்து, எளிதான இரண்டைத் தேர்ந்தெடுங்கள். நேரம் இருந்தால் மூன்றாவது. இந்தத் தேர்ந்தெடுப்பையே தனியாகப் பயிற்சி செய்ய வேண்டும்.

ஜூலை முதல் மாதிரித் தேர்வு. முதலில் இரண்டு வாரத்துக்கு ஒன்று, செப்டம்பர் முதல் வாரம் ஒன்று. எழுதுவதைவிட, எழுதியதை ஆராய்வதில்தான் மதிப்பெண் உயர்கிறது. 2 மணி நேரம் எழுதினால் 4 மணி நேரம் அலசுங்கள். ஒவ்வொரு தவறுக்கும் பக்கத்தில் காரணம் எழுதுங்கள்: பாடம் தெரியவில்லை, கேள்வியைத் தவறாக வாசித்தேன், நேரம் போதவில்லை, தொட்டிருக்கவே கூடாது. நாலு வாரத்தில் உங்கள் நோட்டு உங்களைப் பற்றிச் சொல்லத் தொடங்கும். கடைசி வகைத் தவறுகளைக் குறைத்தாலே புதிதாக ஒன்றும் படிக்காமல் மதிப்பெண் ஏறும்.

இன்னொன்று. ஒவ்வொரு ஐ.ஐ.எம்.மும் வெளியிடும் குறைந்தபட்சத் தகுதி பெர்சன்டைலும், உண்மையில் நேர்முகத்துக்கு அழைக்கப்படும் பெர்சன்டைலும் வேறு வேறு. குறைந்தபட்சத்தை இலக்காக வைக்காதீர்கள். மூன்று பகுதிக்கும் தனித்தனிக் கட்-ஆஃப் உண்டு என்பதால் ஒன்றில் பறந்து மற்றொன்றில் விழுந்தால் பயனில்லை. பலவீனமான பகுதிக்கு வாரத்தில் பாதி நேரம் கொடுங்கள். அதோடு பத்து, பன்னிரண்டாம் வகுப்பு, பட்டப்படிப்பு மதிப்பெண்களும் கணக்கில் வரும்.

பணமும் சான்றிதழும்

2024இல் தேர்வுக் கட்டணம் 2,500 ரூபாய். பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளுக்கு 1,250. விண்ணப்பிக்கப் பட்டப்படிப்பில் 50 விழுக்காடு வேண்டும்; இந்தப் பிரிவினருக்கு 45 போதும். சாதிச் சான்றிதழைக் கேட்கப்படும் வடிவத்தில் ஜூலைக்கு முன்பே வாங்கி வையுங்கள். தாலுகா அலுவலகத்தின் வேகம் நமக்குத் தெரியும்.

பழைய ஐ.ஐ.எம்.களில் இரண்டாண்டுக் கட்டணம் 20 லட்சத்தைத் தாண்டுகிறது. இந்த எண்ணைக் கேட்டே பாதிப் பேர் விண்ணப்பிப்பதில்லை. பட்டியல் சாதி மாணவர்களுக்கான 'டாப் கிளாஸ்' மத்திய உதவித்தொகைத் திட்டம், ஐ.ஐ.எம்.கள் உள்ளிட்ட அறிவிக்கப்பட்ட நிறுவனங்களில் சேர்பவர்களின் கல்விக் கட்டணத்தை ஏற்கிறது. குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். இடங்களின் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு என்பதால் சேர்ந்த உடனே விண்ணப்பிக்க வேண்டும்.

இந்த உதவித்தொகைகள் யாரோ இரக்கப்பட்டுக் கொடுத்தவை இல்லை. 1913இல் பரோடா உதவித்தொகையில் கொலம்பியா போன அம்பேத்கர், லண்டன் படிப்பை முடிக்குமுன் 1917இல் உதவி தீர்ந்து திரும்ப வேண்டியிருந்தது. பம்பாயில் சிடனாம் வணிகவியல் கல்லூரியில் பேராசிரியராக வேலை பார்த்துச் சேமித்து, கடனும் வாங்கி, 1920இல் மறுபடி கப்பலேறினார். 1923இல் பொருளாதாரத்தில் டி.எஸ்சி. பட்டம் பெற்றார். பணத்துக்கும் காலத்துக்கும் கணக்குப் போட்டுப் படித்த மனிதர் அவர். தன் தனிச் சாமர்த்தியத்தை மற்றவர்களுக்கு உபதேசம் செய்துவிட்டு அவர் நிறுத்திக்கொள்ளவில்லை. வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் இடம்பெற்ற 1942இல், நம் மாணவர்களின் உயர்கல்விக்கு நிதி கேட்டு மனுக் கொடுத்தார். 1944இல் பட்டியல் சாதியினருக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை தொடங்கியது. 1946இல் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரியையும் திறந்தார்.

தனியாகப் படிக்க வேண்டாம்

நீட் பற்றிய நீதிபதி ஏ.கே. ராஜன் குழுவின் 2021ஆம் ஆண்டு அறிக்கை, பயிற்சி மையத்துக்குப் போக முடிந்தவர்களுக்கும் திரும்பத் திரும்ப எழுத வசதியுள்ளவர்களுக்குமே அந்தத் தேர்வு சாதகம் என்று காட்டியது. 'கேட்' தேர்வும் விதிவிலக்கு இல்லை. அதனால்தான் திட்டத்தைத் தனி மனிதரின் மன உறுதிக்கு விட்டுவிடக் கூடாது என்கிறோம்.

உங்கள் ஊர்ப் படிப்பகத்திலோ விடுதியிலோ ஐந்து பேர் சேருங்கள். ஞாயிறு காலை ஒன்றாக உட்கார்ந்து ஒரு தாளை எழுதுங்கள். மாலையில் ஆளுக்கொரு கேள்வியாகப் பலகையில் விளக்குங்கள். கணக்குத் தெரிந்தவர் கணக்கு, ஆங்கிலம் தெரிந்தவர் ஆங்கிலம். தேர்வெழுதியவர்கள் தங்கள் தவறு நோட்டை அடுத்த ஆண்டுக்காரருக்குக் கொடுத்துவிட்டுப் போகட்டும். கப்லான் மாணவர்களின் நினைவைச் சேர்த்துத் தொழிலாக்கினார். நாம் அதை இயக்கச் சொத்தாக்குவோம். விடுதிகளில் நாற்காலி, கணினி, இணையம் இல்லையென்றால் அதற்காக ஆதிதிராவிடர் நலத்துறை அலுவலகத்தில் மனுக் கொடுப்பதும் இந்தத் தேர்வுத் தயாரிப்பின் ஒரு பகுதிதான். இலவசப் பயிற்சித் திட்டங்களுக்குத் தாட்கோ அறிவிப்புகளையும் பார்த்துக்கொண்டிருங்கள்.

ஆக, முதலில் எழுந்த கேள்விக்கு வருவோம். வாசல் குறுகலாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருப்போம். தனியார் துறையில் இடஒதுக்கீடு, ஆசிரியர் நியமனத்தில் இடஒதுக்கீடு, தமிழ்வழி மாணவர்களுக்குத் தனிக் கவனம் என்று கேட்டுக்கொண்டே இருப்போம். அந்தக் கோரிக்கைகளைப் பேச உள்ளேயும் ஆட்கள் வேண்டும். இந்த ஆண்டு உங்கள் படிப்பகத்திலிருந்து எத்தனை பேர் விண்ணப்பிக்கப் போகிறீர்கள்? பெயர்களை எழுதி, முதல் மாதிரித் தேர்வுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையை இன்றே குறித்துவிடுங்கள்.

ஜெய்பீம்.